கழுவிய நீரில் வைரஸ், ரத்தத்தில் இல்லை

கேள்வி: என் அண்ணனுக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அண்மையில் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்து நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் சைட்டோமெகலோ வைரஸ் 4,200 என்று அறிக்கை வந்துள்ளது. அன்றே எடுத்த ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. அவருக்கு இருமலோ காய்ச்சலோ இல்லை. எந்த அறிக்கையை நம்புவது?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டையும் நம்பலாம். பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றிக்கொள்ளும் இந்த வைரஸ், பிறகு வாழ்நாள் முழுவதும் உடம்பில் ஓசையின்றித் தங்கியிருக்கும். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் மருந்துகளால் எதிர்ப்பாற்றல் தணியும்போது அது விழித்துக்கொள்கிறது. அது பதுங்கும் இடங்களில் நுரையீரலும் ஒன்று என்பதால், ரத்தத்தில் தலைகாட்டாமல் அங்கேயே பெருகுவதும் உண்டு.

ஆனால், 4,200 என்ற எண்ணைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். குழாயின் முனையை நுரையீரலின் ஒரு கிளையில் பொருத்தி, உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தித் திரும்ப உறிஞ்சுவார்கள். 120 மில்லி உள்ளே போனால், ஒருவரிடம் 70 மில்லி திரும்பும், இன்னொருவரிடம் 40 மில்லிதான் திரும்பும். காற்றறைகளின் மேல் படிந்துள்ள மெல்லிய திரவம் அதில் எவ்வளவு கலந்து வந்தது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், அதே நுரையீரலை மறுநாள் கழுவினாலும் வேறு எண் வரக்கூடும். யூரியா ரத்தத்திலும் அந்தத் திரவத்திலும் ஏறக்குறைய ஒரே செறிவில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டு நீர்த்துப்போன அளவைக் கணக்கிட வழியுண்டு. அன்றாட அறிக்கைகளில் அதை அரிதாகவே காணலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இந்த வைரஸை அளப்பதற்கான பொது அளவுத்தரத்தை ஏற்படுத்தியது. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் 'சர்வதேச அலகு' என்றிருக்கிறதா, வெறும் 'காப்பி' (copies – ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறக்கூடிய வைரஸ் பிரதி எண்ணிக்கை) என்றிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளை ஒரே ஆய்வகத்தில் செய்வது நல்லது. அப்படிச் செய்தாலும், மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

வைரஸ் இருப்பது வேறு, அது நுரையீரலைத் தாக்குவது வேறு. இரண்டாவதை உறுதிசெய்வது, திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான். நுண்ணோக்கியில் ஆந்தைக் கண் போன்ற செல்கள் தெரிந்தால் ஐயமில்லை. அன்று திசுத் துணுக்கும் எடுத்தார்களா என்றும், தானம் தந்தவருக்கு இந்த வைரஸ் இருந்து உங்கள் அண்ணனுக்கு முன்பு இல்லாதிருந்ததா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அவ்வாறு இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவர் வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க எண்ணலாம்; அந்த மாத்திரை வெள்ளணுக்களைக் குறைக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே வரும்.