மேஜர் லீக் பேஸ்பால் அணி, அரிசோனா பயிற்சி முகாமில் நன்றாக அடித்தவரை டிரிப்பிள் ஏ-வுக்கு (மைனர் லீக்கின் உச்ச நிலை) அனுப்பியது ஏன்?

பெரும்பாலும் அவர் ஆட்டம் காரணமில்லை, அவருக்கு இன்னும் 'ஆப்ஷன்', அதாவது மற்ற அணிகளிடம் இழக்காமல் கீழே அனுப்பும் வாய்ப்பு, மீதமிருப்பதுதான் காரணம். தொடக்க நாள் அணியில் 26 இடம்தான். அதே இடத்துக்குப் போட்டியிடும், ஆப்ஷன் தீர்ந்த வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வெய்வர்ஸில் விட வேண்டும். மற்ற 29 அணிகளில் எதுவும் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். உங்கள் ஆளை அனுப்பினால் இருவரும் கையில் இருப்பார்கள். மார்ச் கடைசியில் எனக்கும் வயிற்றெரிச்சல் இதில்தான்.

அணியின் டிரான்சாக்‌ஷன்ஸ் (வீரர் மாற்றங்கள்) பக்கத்தைப் பாருங்கள். 'ஆப்ஷண்ட்' என்றிருந்தால், அந்த 26 பேரை எடுக்கும் 40 பேர் பட்டியலில் இருக்கிறார். 'ரீஅசைண்ட்' என்றால் அதிலேயே இல்லை. மேலே வர முதலில் அங்கே இடம் வேண்டும்.

ஆப்ஷனில் போன பேட்டர் பொதுவாகக் குறைந்தது 10 நாள் கீழே இருக்க வேண்டும். காயமடைந்தவருக்குப் பதிலாக என்றால் முன்பே அழைக்கலாம். அப்புறம், அந்த ஹிட்களில் எத்தனை கடைசி இன்னிங்ஸ்களில் மைனர் லீக் பந்துவீச்சாளர்களிடம் வந்தவை என்றும் பாருங்கள்.