திருவொற்றியூர்ல கடல் தண்ணி ஏசி: 2 கிலோமீட்டர் பைப் போதுமா?

கரையிலருந்து 2 கிலோமீட்டர் பைப் போட்டு, கடலடி சில்லு தண்ணிய இழுத்து ஏசி ஓட்டலாமானு கேட்டிருந்தீங்க. போதாது ப்ரோ. 2 கிலோமீட்டர் இல்ல, 10 போட்டாலும் அங்க கெடைக்கிறது ஏறக்குறைய மேல இருக்கிற அதே வெதுவெதுப்பான தண்ணிதான்.

கனடாவுல டொராண்டோ நகரத்துல ஏரியோட அடித்தண்ணிய வச்சு கட்டடங்களுக்கு ஏசி ஓட்டுறாங்களே, நீங்க அந்த கதைய வச்சு கணக்கு போட்டிருக்கீங்கனு நெனைக்கிறேன். அது ஏரி, நல்ல தண்ணி 4 டிகிரியில கனமாகி அடியில தங்கிடும், அதனால 83 மீட்டர் ஆழத்துலயே வேலை முடிஞ்சுது. நம்ம கடல்ல சில்லுனு தண்ணி வேணும்னா சில நூறு மீட்டர் கீழ போகணும், நம்ம பக்கம் கடலோ ரொம்ப தூரத்துக்கு தட்டையாதான் போகுது. 2007ல என்ஐஓடி (சென்னையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆழத்து குளிர்ந்த தண்ணிய வச்சு கடல் தண்ணியிலருந்து குடிதண்ணி எடுக்குற மிதவை பிளான்ட்ட சென்னையிலருந்து 40 கிலோமீட்டர் தள்ளி கொண்டுபோய் நிறுத்துனாங்க. லட்சத்தீவுல இருக்கிற கவரத்தி தீவுல கரையிலருந்து 400 மீட்டர்லயே 350 மீட்டர் ஆழம் வந்துடும், அதான் அங்க கரையிலயே பிளான்ட்.

நம்பலன்னா கடல் சார்ட்ல (கடல் ஆழம் போட்ட மேப்) 500 மீட்டர் ஆழத்த காட்டுற கோட்ட தேடி கரையிலருந்து அளந்து பாருங்க. இல்ல காசிமேட்டுல தெரிஞ்ச போட்காரர்கிட்ட சொல்லி, உங்க பைப் முடியுற எடத்துல வாய் குறுகின பாட்டில்ல கல்லு கட்டி அடிவரைக்கும் எறக்கி, பத்து நிமிஷம் விட்டு சரக்குனு இழுத்து தெர்மாமீட்டர் வைங்க. ஒருநாள் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க, நீரோட்டம் மாறுனா சில நாள் ரெண்டு மூணு டிகிரி கொறைஞ்சு ஏமாத்தும்.

சில்லருக்கு (பெரிய ஏசி மெஷின்) கண்டென்சர் தண்ணியா, அதாவது மெஷின் வெளிய தள்ளுற சூட்ட எடுத்துட்டு போற தண்ணியா மட்டும் கடல் தண்ணி எடுக்கலாம், அது வேற விஷயம். ஆனா பைப்புக்குள்ள சிப்பி ஒட்டும், சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதியும் வேணும். எண்ணூர் முகத்துவாரம் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அனல்மின் நிலைய சுடுதண்ணி கலக்குற எடம்.