கடுங்குளிரில் ரோஸ்மேரியைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். போன குளிர்காலத்தில் தோட்டத்தில் நட்ட ரோஸ்மேரி கருகிப்போனது. தொட்டியில் இருந்ததை வீட்டுக்குள் ஹீட்டர் அருகே வைத்து தினமும் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் காய்ந்துவிட்டது. இப்போது புதிதாக இரண்டு செடிகள் வாங்கியிருக்கிறேன். இவற்றையாவது எப்படிப் பிழைக்க வைப்பது?

பதில்: உங்கள் தொட்டிச் செடி குளிரால் சாகவில்லை. தினமும் ஊற்றிய தண்ணீரும் ஹீட்டர் சூடும் சேர்ந்துதான் அதை முடித்திருக்கும். ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துக் கல்லாங்காட்டுச் செடி. வேர் ஈரத்தில் ஊறிக் கிடப்பது அதற்கு ஆகவே ஆகாது. குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாவதால் தண்ணீர் உறிஞ்சுவதும் குறைந்துவிடும். அப்போது ஊற்றுகிற உபரித் தண்ணீர் வேரை அழுகவைக்கும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது, இலை காயும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்.

புதிய தொட்டிச் செடிக்கு மண்தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் உலரும். மண்கலவையில் மூன்றில் ஒரு பங்கு கரடுமுரடான மணலோ பெர்லைட்டோ (தண்ணீர் வடிவதற்காக மண்ணில் கலக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) இருக்கட்டும். இரவு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது உள்ளே எடுங்கள். ஆனால் சூடான அறை வேண்டாம். 5 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும், நல்ல வெளிச்சம் விழும் இடம் போதும். கண்ணாடி அடைத்த வராந்தா, ஹீட்டர் போடாத அறையின் தெற்கு ஜன்னல் மாதிரி. வெயில் போதாவிட்டால் செடி வெளிறி நெட்டையாகப் போகும், ஒரு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு உதவும்.

தண்ணீர் ஊற்ற நாள் கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அதற்காக மண்ணை எலும்பாய்க் காயவிடவும் கூடாது. மற்ற செடிகள் வாடித் தொங்கித் தாகத்தைக் காட்டும். ரோஸ்மேரி காட்டாது. செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும், தொட்டால்தான் இலை மொறுமொறுவென்று உதிரும். இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளை படர்ந்தால் அது சாம்பல் நோய். நெருக்கமான கிளைகளை விலக்கி வெட்டி, காற்றோட்டம் கொடுங்கள்.

தோட்டத்துச் செடி விஷயத்தில் ரகம் முக்கியம். சாதாரண ரகங்கள் மைனஸ் 6, 7 டிகிரிக்குக் கீழே திணறும். மைனஸ் 10 என்றால் 'ஆர்ப்' ரகம் பாருங்கள். மண் நன்றாக வடிந்தால் அது மைனஸ் 18 வரைகூடத் தாங்கும். நீங்கள் வாங்கியது என்ன ரகம் என்று தெரியாவிட்டால், இரண்டையும் தொட்டியிலேயே வையுங்கள் என்பேன். தரையில்தான் நடுவேன் என்றால், வாடைக்காற்றைத் தடுக்கும் தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி, மேட்டுப்பாத்தியில், வசந்தத்தில் நடுங்கள். வேர் பிடிக்க ஒரு கோடை முழுவதும் கிடைக்கும். தூரைச் சுற்றி வைக்கோல் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரளைக்கல் பரப்பலாம். உறைபனி இரவுகளில் மெல்லிய தோட்டத் துணியால் போர்த்தி, பகலில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் செடியைப் புழுங்கவைக்கும்.

கோடை முடிந்ததும் தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள், கவாத்தும் செய்ய வேண்டாம். வெட்டினால் வரும் இளந்துளிர்தான் பனியில் முதலில் கருகும். சமையலுக்கு நுனி கிள்ளுவதில் தவறில்லை.

வசந்தத்தில் செடி பழுப்பாக நின்றால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. துளிர் வரும்வரை காத்திருந்து, காய்ந்த பகுதியை மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத முதிர்ந்த கட்டை வரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

கோடைக் கடைசியில் 10 சென்டிமீட்டர் நீள நுனிக்குச்சிகள் நாலைந்து வெட்டி, அடியிலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி வையுங்கள். ஆறு, எட்டு வாரங்களில் வேர் விடும். தாய்ச்செடி போனாலும் கையில் கன்று இருக்கும்.