விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் உபுண்டுவ காணோமா? அவசரப்பட்டு ரீ-இன்ஸ்டால் பண்ணிடாதீங்க

காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டது இது: "அண்ணா, என் லேப்டாப்ல விண்டோஸ் 11, உபுண்டு (லினக்ஸ்) ரெண்டு ஓஎஸ்ஸும் இருக்கு. ஆன் பண்ணா எதுக்குள்ள போகணும்னு கேக்குற மெனு வரும். போன வாரம் விண்டோஸ் அப்டேட் ஆச்சு, அதுலேர்ந்து மெனுவே வரல, நேரா விண்டோஸ்தான் திறக்குது. ப்ராஜெக்ட் பூரா உபுண்டுக்குள்ள இருக்கு. மறுபடி இன்ஸ்டால் பண்ணிடவா? அப்பாவும் இதே லேப்டாப்தான் யூஸ் பண்றார், அவர் ஆன் பண்ணா எதையும் தேடாம விண்டோஸ் வரணும்."

வேண்டாம் தம்பி, இன்ஸ்டால் பக்கமே போகாதீங்க. நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா உபுண்டு அழியல, ப்ராஜெக்டும் அங்கயேதான் இருக்கும். நடந்தது என்னன்னா, மதர்போர்டுல ஒரு சின்ன மெமரி இருக்கு, ஆன் ஆனதும் யார முதல்ல கூப்பிடணும்ங்கற லிஸ்ட் அதுலதான் இருக்கும், அந்த லிஸ்ட்ல "விண்டோஸ் பூட் மேனேஜர்"னு ஒரு பேரு, "உபுண்டு"னு ஒரு பேரு. பெரிய அப்டேட் வந்தா சில சமயம் விண்டோஸ் தன் பேர முதல் இடத்துக்கு ஏத்திக்கும். நீங்க பாத்த மெனு கிரப்னு சொல்றது, அது உபுண்டு பேருக்குப் பின்னாடி இருக்கு, உபுண்டுவ கூப்பிடலன்னா மெனுவும் வராது, அவ்ளோதான் விஷயம்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை, இத மட்டும் தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. விண்டோஸ் 11 லேப்டாப் நிறையத்துல டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் நமக்கே தெரியாம ஆன் ஆகி இருக்கும், பூட் செட்டிங்க மாத்தினா சில சமயம் நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும். ப்ராஜெக்ட் சப்மிட் பண்ண வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி என் ஃப்ரெண்டு லேப்டாப் அப்படி நின்னுச்சு, எந்த மெயில் ஐடில லாகின் பண்ணோம்னு ஞாபகம் வராம ரெண்டு மணி நேரம் தேடினோம், அவன் கை நடுங்கினது இன்னும் கண்ணுல நிக்குது. அதனால மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள்ள போயி அந்த கீய பேப்பர்ல எழுதி வெச்சிட்டு வாங்க.

இப்போ விண்டோஸ்ல ஷிஃப்ட் கீய அமுக்கிப் பிடிச்சிட்டே ரீஸ்டார்ட் குடுங்க, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்னு வரிசையா போங்க. இல்லன்னா ஆன் பண்ணதும் டெல், லெனோவோ, ஏசஸ்ல பெரும்பாலும் எஃப்2, ஹெச்பில எஸ்கேப். உள்ள பூட் ஆர்டர்னு இருக்கும், நான் சொன்ன லிஸ்ட் அதுதான், அதுல உபுண்டுவ மேல ஏத்தி சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க. பழையபடி மெனு வந்துரும்.

மெனு வருது ஆனா அதுல விண்டோஸ் பேர காணோம்னாலும் பயப்படாதீங்க. 2021ல வந்த கிரப் 2.06லேர்ந்து மத்த ஓஎஸ்ஸ தேடுற வேலைய பாதுகாப்புக்காக டிஃபால்ட்டா ஆஃப் பண்ணிட்டாங்க. உபுண்டுல ஈடிசி ஃபோல்டருக்குள்ள டிஃபால்ட் ஃபோல்டர், அதுக்குள்ள கிரப்னு ஒரு ஃபைல் இருக்கும், அட்மின் பர்மிஷனோட திறந்து "கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்" (GRUB_DISABLE_OS_PROBER)ங்கற வரிக்கு முன்னாடி இருக்குற ஹேஷ (#) எடுத்துட்டு மதிப்ப ஃபால்ஸ்னு வைங்க, வார்த்தைகளுக்கு நடுவுல ஸ்பேஸ் கிடையாது, அண்டர்ஸ்கோர்தான்.

அப்பா விஷயத்துக்கும் இதே ஃபைல்தான். நிறைய பேர் கிரப் டிஃபால்ட்ல (GRUB_DEFAULT) 2ன்னு நம்பர் போடச் சொல்வாங்க, எண்ணிக்கை 0லேர்ந்து ஆரம்பிக்கிறதால மூணாவது வரி விண்டோஸா இருந்தா அது வேலை செய்யும், மெனுல ஒரு வரி கூடினா தப்பாயிரும். எனக்குப் பிடிச்சது, கிரப் டிஃபால்ட்டுக்கு சேவ்டு (saved), கிரப் சேவ்டிஃபால்ட்டுக்கு (GRUB_SAVEDEFAULT) ட்ரூ (true), அப்போ கடைசியா எதுக்குள்ள போனமோ அதுவே அடுத்த தடவையும் தானா வரும். விண்டோஸ் அப்டேட் நடுவுல ரெண்டு மூணு தடவை ரீஸ்டார்ட் ஆகும்ல, அப்ப உபுண்டுக்குள்ள போயி மாட்டாம ஒழுங்கா விண்டோஸ்க்கே திரும்பும். நீங்க உபுண்டுல வேலை முடிச்சா மட்டும், அப்பாவுக்காக ஒரு தடவை விண்டோஸ்க்குள்ள போயிட்டு ஷட் டவுன் பண்ணுங்க. மெனு எவ்ளோ நேரம் காத்திருக்கணும்ங்கற டைம் அவுட்ட (GRUB_TIMEOUT) 10 செகண்ட் வைங்க. எல்லாம் மாத்திட்டு டெர்மினல்ல சூடோ போட்டு அப்டேட்-கிரப் கமாண்ட (sudo update-grub) குடுக்கணும், இது குடுக்கலன்னா எதுவுமே மாறாது, பாதி பேர் கோட்டை விடுறது இங்கதான்.

பிட்லாக்கர் ஆன்ல இருந்து, கிரப் வழியா விண்டோஸ்க்குப் போகும்போது அடிக்கடி கீ கேட்டுச்சுன்னா, இந்த வழிய விட்டுருங்க. லிஸ்ட்ல விண்டோஸே முதல்ல இருக்கட்டும், உபுண்டு வேணும்னா மட்டும் ஆன் பண்ணும்போது டெல், லெனோவோல பெரும்பாலும் எஃப்12 தட்டி நீங்க தேர்ந்தெடுங்க, ஹெச்பில அது எஃப்9, ஏசஸ்ல எஸ்கேப். அப்பாவுக்கு அதுதான் நிம்மதி.

விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப பவர் ஆப்ஷன்ஸ்ல போயி ஆஃப் பண்ணிருங்க, அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா ஷட் டவுன் ஆகாது, உபுண்டுலேர்ந்து அந்த டிரைவ்ல எழுத முடியாம போயிரும். கடிகாரம் அஞ்சரை மணி நேரம் தள்ளிக் காட்டுனா அது ரெண்டு ஓஎஸ்ஸும் நேரத்த வேற வேற மாதிரி கணக்கு வெச்சுக்கிறதால வர்றது, பேட்டரி கோளாறு இல்ல.

பூட் ஆர்டர்ல உபுண்டுங்கற பேரே இல்லன்னா மட்டும் உபுண்டு பென் டிரைவ் ஒண்ணு ரெடி பண்ணி, இன்ஸ்டால் குடுக்காம "ட்ரை"னு இருக்குறத குடுத்து உள்ள போங்க. டிஸ்க்க திறந்தா உங்க ஹோம் ஃபோல்டர் தெரியும். முதல்ல ப்ராஜெக்ட் ஃபோல்டர வேற ஒரு டிரைவ்ல காப்பி எடுத்துக்கோங்க, கிரப்ப திரும்பப் போடுறத அதுக்கப்புறம் பொறுமையா பாத்துக்கலாம்.