சேனல் ஒன்று, குரூப் மூன்று: ஒளிப்படக் கேள்வி-பதில்

கேள்வி: உருவப்படம் எடுப்பதற்கு மூன்று ஃபிளாஷ்களைத் தாங்கிகளில் நிறுத்தி, கேமராவின் மேல் பொருத்திய ரேடியோ டிரிகரால் இயக்குகிறேன். ஒன்றின் ஒளியைக் குறைத்தால் மற்ற இரண்டிலும் குறைந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு சேனலுக்கு மாற்றிப் பார்த்தேன். அப்போது ஒன்று மட்டுமே ஒளிர்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: சேனலையும் குரூப்பையும் ஒன்றெனக் கொண்டதுதான் தவறு. டிரிகரும் ஃபிளாஷ்களும் தொடர்புகொள்ளும் அலைவரிசையே சேனல் என்பதால், அது எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பக்கத்தில் வேறொருவரும் அதே வகை டிரிகரைப் பயன்படுத்தி, அவர் படமெடுக்கும்போது உங்கள் ஃபிளாஷ்கள் ஒளிர்ந்தால் மட்டுமே எல்லாவற்றையும் சேர்த்து வேறு சேனலுக்கு மாற்றுங்கள். அந்தச் சேனலுக்குள் ஒவ்வொரு ஃபிளாஷையும் தனித்து அழைப்பதற்கான பெயரே குரூப். முகத்துக்கு ஒளி தரும் முதன்மை ஃபிளாஷை ஏ என்றும், நிழலைத் தணிப்பதை பி என்றும், பின்னாலிருந்து தலைமுடியின் விளிம்பைக் காட்டுவதை சி என்றும் பிரித்துவிட்டால், கேமராவை விட்டு நகராமலே ஒவ்வொன்றின் அளவையும் தனியாக மாற்றலாம். வெறும் சமிக்ஞையை மட்டும் அனுப்பும் எளிய டிரிகர்களில் இந்த வசதி இருக்காது. அவற்றில் ஒவ்வொரு ஃபிளாஷிடமும் நடந்து சென்றுதான் அளவை மாற்ற வேண்டும்.

குரூப் பிரித்த பிறகு, ஃபிளாஷின் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் டிடிஎல் முறையை விட்டுவிட்டு, அதை நாமே அமைக்கும் மேனுவலுக்கு வாருங்கள். டிடிஎல்லில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிடுவதால், உடையின் நிறமோ சட்டகமோ மாறினால் ஒளியும் மாறிவிடும். அசையாமல் அமர்ந்திருப்பவரைப் படமெடுக்க அது தேவையில்லை என்பது என் கருத்து. பல ஃபிளாஷ்களில் அளவு முழு வலிமையான 1/1இலிருந்து 1/128 வரை இறங்கும். ஒவ்வொரு முழுப் படியும் ஒளியைப் பாதியாக்கும். முதலில் ஏ ஒன்றை மட்டும் இயக்கி முகத்தின் ஒளியைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே பியைச் சேருங்கள். இரண்டும் ஒரே வகையாகவும் ஒரே தொலைவிலும் இருந்து, ஏ 1/8இல் இருந்தால், பியை 1/32இல் தொடங்கலாம். அதன் ஒளி ஏ தரும் ஒளியில் கால் பங்காக இருக்கும். ஃபிளாஷை இருமடங்கு தொலைவுக்குத் தள்ளினாலும் ஏறத்தாழ இதே விளைவுதான், ஆனால் நிழலின் தன்மை மாறிவிடும். சியைக் கடைசியில் சேர்த்து, அது இல்லாமலே படம் நன்றாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பல நேரங்களில் இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அப்பெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) அல்லது ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவை) மாற்றினால் போதும்.

கேள்வி: ஷட்டர் வேகத்தை 1/320 நொடிக்கு உயர்த்தினால் படத்தின் ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. டிரிகர் பழுதா?

பதில்: பழுதில்லை. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி வரைதான் ஷட்டரின் இரு திரைகளும் சென்சாரை ஒரே கணத்தில் முழுமையாகத் திறந்து வைக்கின்றன. அதற்கு மேல் ஒரு இடுக்கு மட்டுமே சென்சாரின் மீது நகர்ந்து செல்வதால், ஃபிளாஷ் மின்னும் கணத்தில் திரை மறைத்திருக்கும் பகுதி கறுத்துவிடுகிறது. டிரிகரே சிறிது தாமதம் சேர்க்கும் என்பதால், எளிய டிரிகர்களில் 1/160 நொடிக்கு இறங்குவது பாதுகாப்பானது. உட்புறப் படங்களில் இதனால் இழப்பு ஏதுமில்லை. இந்த எல்லைக்குள் ஷட்டர் வேகம் சூழலின் ஒளியைத்தான் மாற்றுமே தவிர ஃபிளாஷின் ஒளியை மாற்றாது. வெயிலில் அகன்ற அப்பெர்ச்சரில் எடுக்க விரும்பினால் இந்த எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகம் தேவைப்படும்; அதற்கு டிரிகரும் ஃபிளாஷும் ஹைஸ்பீடு சிங்க் வசதி கொண்டவையாக இருக்க வேண்டும். அம்முறையில் ஃபிளாஷ் தொடர் துடிப்புகளாக ஒளிர்வதால் அதன் வலிமை வெகுவாகக் குறையும்.

கேள்வி: பின்னால் வைத்த ஃபிளாஷ் மட்டும் சில படங்களில் ஒளிர்வதில்லை. ஏன்?

பதில்: முதலில் பேட்டரியைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் அடுத்த படத்துக்குள் ஃபிளாஷ் மீண்டும் நிரம்பியிருக்காது. அடுத்து, அது தானாக உறக்கநிலைக்குச் செல்லும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இரண்டும் சரியென்றால் இடத்தைச் சந்தேகிக்கலாம். பல டிரிகர்கள் வைஃபையைப் போலவே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்த அலையை நீர் உறிஞ்சும் என்பதால், எதிரே அமர்ந்திருப்பவரின் உடலே அதைத் தடுக்கக்கூடும். ஃபிளாஷை அவர் தலைக்கு மேல் உயர்த்தியோ சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தியோ பாருங்கள்.