டாக்ஸி மாத்திரை: சேலம், ஏற்காடு பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஆடி, ஆவணி மழை பிடித்ததிலிருந்து தை, மாசி வரை சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) பயம்தான். காபிப் பழம் பறிக்கிற காலமும் அதற்குள்ளேயே வருகிறது. அந்தக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. எல்லாரும் ‘டாக்ஸி’ என்பார்கள்.

நான் அரசு மருந்தகத்தில் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எந்த நோய், எந்த மருந்து, எத்தனை நாள் என்பது உங்களைப் பரிசோதித்த மருத்துவர் சொல்ல வேண்டியது. கொடுத்த மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்பதை நான் சொல்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, டாக்ஸி ஆரம்பிச்சு மூணாம் நாள்ல இருந்து நெஞ்சுக்கு நடுவுல குத்துது. எச்சில் முழுங்கினாக்கூட வலிக்குது. ஹார்ட்டோன்னு பயமா இருக்கு. ராத்திரி தறி நிறுத்திட்டு வந்து, ஒரு வாய் தண்ணியில மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துடுவேன். (அம்மாபேட்டை, விசைத்தறி)

வலி இடது கை, தாடை பக்கம் பரவினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள்.

அதெல்லாம் இல்லை, விழுங்கும்போதுதான் வலி என்றால் நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் காரணம் இருக்கிறது. டாக்ஸி கேப்சூல் கரைந்தால் கடுமையான அமிலத்தன்மை கொண்டது. வயிறு அதைத் தாங்கும். உணவுக்குழாய் தாங்காது. ஒரு வாய் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தால் கேப்சூல் வயிறுவரை போகாமல் நடுவழியில் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே கரைந்து, அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடுகிறது. டாக்ஸி சாப்பிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்குத் திரும்பி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?” என்பதுதான். ஒரு மடக்கு, ரெண்டு மடக்கு என்றே பதில் வரும். மாத்திரை மேல் தப்பில்லை, விழுங்கிய விதத்தில்தான் தப்பு.

நாளைக்கே மருத்துவரைப் பார்த்து, விழுங்கும்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றுவதா, இதையே தொடர்வதா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், உண்ணிக் காய்ச்சல் பாதியில் விடக்கூடியது அல்ல. இந்தப் புண் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். அதுவரை காரமும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற டீயும் வேண்டாம்.

இனி யார் டாக்ஸி சாப்பிட்டாலும் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடியுங்கள். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. தறி முடிய நள்ளிரவு ஆகும் என்றால் இரவு மாத்திரையை 7 மணிச் சாப்பாட்டோடு முடித்துவிட்டுத் தறிக்குப் போங்கள். ‘இரவு’ என்று எழுதியிருப்பதற்குப் படுக்கப் போகும் நேரம் என்று பொருள் இல்லை.

கேப்சூலைப் பிரிச்சுத் தண்ணியில கொட்டிக் குடிச்சா ஒட்டாதுல்ல? (அதே வீட்டிலிருந்து இன்னொருவர்)

பிரிக்க வேண்டாம், மெல்லவும் வேண்டாம். அந்தத் தூள் வாயையும் தொண்டையையும் எரிக்கும். விழுங்கவே முடியாதவர்களுக்குத் தண்ணீரில் கரையும் மாத்திரை, சிரப் என்று வேறு வடிவங்கள் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டால் மாற்றி எழுதுவார்.

பாலோடு சாப்பிடக் கூடாதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்க. எங்க வீட்ல காலைல ராகிக் களி, இல்லன்னா கூழு. பால் தொடுறதே இல்ல. அப்ப எனக்குப் பிரச்சினை இல்லதானே? (ஓமலூர்)

நல்ல கேள்வி. பாலைச் சொல்கிறவர்கள் ராகியை மறந்துவிடுகிறார்கள். 100 கிராம் ராகியில் 340 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, பசும்பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. டாக்ஸி வயிற்றில் கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் எதைக் கண்டாலும் அதோடு பிணைந்துகொள்ளும். பிணைந்த மருந்து ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். அதனால் காலை மாத்திரைக்கு இட்லியோ உப்புமாவோ போதும். களி, கூழ், பால், தயிருக்கெல்லாம் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீயில் ஊற்றுகிற பாலுக்காகப் பதறத் தேவையில்லை. இதே குடும்பத்தின் பழைய மருந்தான டெட்ராசைக்ளின் அளவுக்கு டாக்ஸி பாலால் கெடுவதில்லை. ஆனாலும் மாத்திரையைத் தண்ணீரிலேயே விழுங்குங்கள்.

பாலைவிட எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு. மாத்திரை போட்டதும் குமட்டுகிறது என்று ஜெலுசில், டைஜீன் மாதிரி மருந்தை உடனே குடிப்பது ஒன்று. அவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் உண்டு, இரண்டு, மூன்று மணி நேரம் தள்ளித்தான் குடிக்க வேண்டும். இன்னொன்று இரும்புச்சத்து மாத்திரை. இது கொஞ்சம் வில்லங்கமானது. டாக்ஸி ரத்தத்துக்குப் போன பிறகும் ஒரு பகுதி குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. அங்கே இரும்பு காத்திருந்தால் பிடித்துக்கொள்ளும். ஒரு வார மருந்துதான் என்றால், மருத்துவரைக் கேட்டு அந்த ஒரு வாரம் இரும்புச்சத்தை நிறுத்தி வைப்பது நல்லது.

எஸ்டேட்ல பழம் பறிக்கிற வேலை. நாலு நாளா காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லன்னு வந்துச்சு. உண்ணிக் காய்ச்சல் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் டாக்ஸி கொடுத்துட்டார். சும்மா கொடுக்குறாரா? (நாகலூர்)

சும்மா கொடுக்கவில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார். இந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு. ஊரில் ‘உண்ணி’ என்று சொன்னாலும் மாட்டில் இருக்கிற பெரிய உண்ணி இல்லை. அது கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். ரத்தத்தில் எலிசா பரிசோதனை தெளிவாகக் காட்டவே காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம்போல ஆகலாம். அதுவரை காத்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தாலே மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கவே இல்லையென்றால் நோய் வேறாக இருக்கலாம், மூன்றாம் நாள் திரும்பப் போய்க் காட்டுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், சிறுநீர் குறைவது, பேச்சுக் குழறுவது என்றால் இரண்டு நாளெல்லாம் பார்க்க வேண்டாம். உடனே மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முற்றிய நிலையில் இதே மருந்தை ஊசியாக ஏற்ற வேண்டியிருக்கும். டாக்ஸியையும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து ஏற்றுவது, ஏதோ ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிடப் பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது.

இதைக் கூச்சப்படாமல் படியுங்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது, அதனால் நமக்கே தெரியாது. வருகிற இடமும் அக்குள், மார்புக்குக் கீழ், பாவாடை நாடா கட்டும் இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் என்று மறைவான இடமாக இருக்கும். எல்லாருக்கும் வராது. வந்தால் மருத்துவருக்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. பறிப்புக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு போவார்கள், ஆஸ்பத்திரிக்கும் அப்படியே வருவார்கள். யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. குளிக்கும்போது நீங்களே பாருங்கள், முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மருத்துவரிடமோ நர்ஸம்மாவிடமோ சொல்லிவிடுங்கள்.

துவைத்த துணியைச் செடி மேலும் புல் மேலும் காயப்போடுவதை விட்டுவிட்டுக் கொடியில் போடுங்கள்.

என் பையனுக்கு அஞ்சு வயசு. டாக்ஸி எழுதியிருக்காங்க. எட்டு வயசுக்குள்ள கொடுத்தா பல்லு மஞ்சளாயிடும்னு நெட்ல போட்டிருக்கே மேடம்? (அஸ்தம்பட்டி)

அந்தப் பயம் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் பழைய மருந்துகளால் வந்தது. அவை வளரும் பல்லின் கால்சியத்தோடு சேர்ந்து நிரந்தரக் கறையை ஏற்படுத்தின. டாக்ஸி கால்சியத்தோடு அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை. குறுகிய காலம் கொடுத்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது கறை தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2018-ல், 21 நாள் வரை எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று தன் வழிகாட்டலை மாற்றிக்கொண்டது. எடை பார்த்து எழுதிய அளவைத் தயங்காமல் கொடுங்கள். அளவை மட்டும் நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

நான் ஆறு மாசம். காய்ச்சலுக்கு மாமியார் வீட்ல மிச்சம் இருந்த டாக்ஸி கொடுத்தாங்க, ஒண்ணு போட்டுட்டேன். (வாழப்பாடி)

ஒரு மாத்திரைக்காக அழ வேண்டாம்மா. ஆனால் இரண்டாவது வேண்டாம். நான்காம் மாதத்துக்குப் பிறகு இந்த மருந்தைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பார்கள். உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரிந்தால் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். காய்ச்சல் இருக்கும்போது வீட்டில் இருக்கக் கூடாது, இன்றைக்கே போங்கள். சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருந்து எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏற்காட்டுல டூரிஸ்ட்டுங்களுக்கு வண்டி ஓட்டுறேன். டாக்ஸி போட்ட அஞ்சாம் நாள் மூஞ்சியும் புறங்கையும் தீய்ஞ்ச மாதிரி சிவந்துடுச்சு. இங்க வெயிலே இல்லையேக்கா, குளுகுளுன்னுதானே இருக்கு?

குளிர்ச்சிதான் ஏமாற்றுகிறது. டாக்ஸி உடம்பில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கருகும். சிலருக்கு நகம்கூட விரலிலிருந்து தூக்கும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். மேலே போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடும், மேகமும் முழுதாகத் தடுக்காது. சேலத்தில் சுட்டால் நிழலுக்கு ஓடுவீர்கள், அங்கே சுடுவதே தெரியாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, முகத்துக்கும் புறங்கைக்கும் சன்ஸ்கிரீன் போதும். கொப்புளம் வந்தால் காட்டுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்றால் அது ஒவ்வாமை. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முகப்பருவுக்கு ரெண்டு மாசமா டாக்ஸி. இப்ப இன்னொரு கிளினிக்ல ஐசோட்ரெட்டினாயின் கொடுத்திருக்காங்க. ரெண்டும் போடலாமா? (கல்லூரி மாணவி, கொண்டலாம்பட்டி)

கூடாது. இரண்டுமே அரிதாக மூளையைச் சுற்றியுள்ள அழுத்தத்தைக் கூட்டும், சேர்ந்தால் ஆபத்து கூடும். இரண்டு சீட்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

மூணு நாள்லயே காய்ச்சல் விட்டுருச்சு. மீதியை அண்ணனுக்குக் கொடுக்கலாமா, அவருக்கும் காய்ச்சல். (அயோத்தியாப்பட்டணம்)

வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்ப வரலாம், எழுதிய நாள் வரை நீங்களே சாப்பிடுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக் கூடாது.

அண்ணனுக்கு டெங்குவாக இருந்தால் டாக்ஸி ஒன்றும் செய்யாது, வைரஸ் காய்ச்சல் எதற்கும் செய்யாது. அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதுதான் அதற்குப் பொருள். 2016-ல் மத்திய அரசு அதை ஊரெங்கும் விளம்பரம் செய்தது. கோட்டைப் பார்த்து நின்ற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

போன வருஷ அட்டை இருக்கு, தேதி முடிஞ்சுருச்சு. போடலாமா?

போடாதீர்கள். 1960-களில் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

தண்ணி போடலாமா அண்ணி? (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

பெயரைக் கேட்கவில்லை. மெட்ரோனிடசோல் என்ற மருந்தோடு குடித்த மாதிரி உடனே வாந்தியாக எடுக்காது. ஆனால் தினமும் குடிக்கிறவர் உடம்பிலிருந்து டாக்ஸி சீக்கிரம் வெளியேறிவிடும், மருந்து போதாமல் போகும். ஒரு வாரம் டாஸ்மாக் பக்கம் போகாமல் இருங்கள் தம்பி.

இது புதுசா வந்த மருந்தா? (செவ்வாய்ப்பேட்டை)

இல்லைங்க, 1967-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-ல் வந்தது. அதைக் கொண்டுவந்த அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் பெயரைச் சொன்னால் மருந்தாளுநர் படிப்பு முடித்தவர்களே முழிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அப்பாவுக்கு வலிப்பு மாத்திரை ஓடுது. சித்தப்பாவுக்கு வால்வு ஆபரேஷன், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. ரெண்டு பேருக்கும் டாக்ஸி எழுதியிருக்காங்க. (தாரமங்கலம்)

வலிப்பு மாத்திரைகளில் ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபினோபார்பிடோன் மூன்றும் டாக்ஸியின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். சித்தப்பா சாப்பிடுவது ரத்தம் உறையாமல் வைக்கும் வார்ஃபரின் என்றால் கதை நேர்மாறு, டாக்ஸி சேர்ந்தால் ரத்தம் உறையாத தன்மை கூடிவிடலாம். ஈறில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத கன்றல் வருகிறதா என்று பாருங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லிக் கேளுங்கள். வலிப்பு மாத்திரையையோ வார்ஃபரினையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வயித்தாலே போகுது. (சூரமங்கலம்)

லேசாகப் போவது சகஜம், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். ரத்தமோ சளியோ கலந்து போனால், அது மருந்து முடித்துச் சில வாரம் கழித்து வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். டாக்ஸி எழுதியிருக்காங்க, கிட்னிக்கு ஆகுமா? (கன்னங்குறிச்சி)

ஆகும். டாக்ஸி பெரும்பகுதி குடல் வழியாக வெளியேறுவது. அதனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் பொதுவாக அளவைக் குறைக்காமலே கொடுப்பார்கள். அவருக்கு நான் கவனிக்கச் சொல்வது வேறு. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதே சாப்பாட்டோடு டாக்ஸியும் போட்டால் இரண்டும் பிணைந்து டாக்ஸி வீணாகும். இரும்புச்சத்து மாத்திரையும் ஓடும். தண்ணீரும் அளந்துதான் குடிப்பார், டாக்ஸிக்கான டம்ளரை அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், எது எத்தனை மணிக்கு என்று டயாலிசிஸ் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டுவிட்டு வந்தால் மறந்துவிடும்.