பைப்புக்கு எந்த லைட்டர்?

கேள்வி: காற்றில் அணையாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, நீலச் சுடர் சீறிப் பாயும் ஜெட் லைட்டர் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். சில வாரங்களிலேயே நான் புகைபிடிக்கும் பைப்பின் விளிம்பு கருகிவிட்டது. இதைவிட விலை கூடியதாகப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் லைட்டரில் கோளாறே இல்லை. அது சுருட்டுக்கு ஆன சாமான். சுருட்டின் நுனி எப்படியும் சாம்பலாகப் போவது. புகையிலை அடைக்கும் பைப்பின் கிண்ணமோ பல வருடங்கள் உழைக்க வேண்டியது; பிரையர் என்ற மரத்தில் செய்தது. அதற்கு வேண்டியது மஞ்சளாக, நிதானமாக எரியும் சுடர். நீங்கள் இழுக்கும்போது அது வளைந்து புகையிலைமேல் படியும். ஜெட் சுடர் வளைந்துகொடுக்காது; குறிவைத்த இடத்தைச் சுட்டுவிட்டுத்தான் ஓயும்.

விலையை விட்டுவிட்டு, சுடர் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். பைப் லைட்டரில் அது சாய்வாகவோ பக்கவாட்டிலோ வரும். சிகரெட் லைட்டரைக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்தால் சுடர் மேலேறி உங்கள் கட்டைவிரலைத்தான் பதம் பார்க்கும். ஜப்பானின் ஐஎம் கொரோனா நிறுவனத்தின் ‘ஓல்ட் பாய்’ பைப்புக்கென்றே செய்யப்பட்டது; புகையிலையை அழுத்திவிடும் கருவியும் அதன் உடம்பிலேயே செருகியிருக்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

வீட்டுக்குள் மட்டும் புகைப்பவர் என்றால் லைட்டரே தேவையில்லை என்பேன். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து மரத் தீக்குச்சி போதும். குச்சி முனையின் மருந்து எரிந்து தீரும்வரை பொறுத்து, பிறகு கிண்ணத்தருகே கொண்டுபோங்கள். மெழுகுக் குச்சி வேண்டாம். புகையில் மெழுகு வாடை ஏறும். அந்த ஊர்த் தீப்பெட்டித் தொழிலை மலிவு லைட்டர்கள் நசுக்குகின்றன என்று தமிழக அரசு முறையிட்டதும், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்ததும் நினைவிருக்கும்.

பைப் புகை சிகரெட்டைப் போல் கெடுதல் இல்லை என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். வாய்ப் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வழிதான்.

கேள்வி: எரிபொருள் ஊற்றித் திரியில் பற்றவைக்கும் ஜிப்போ லைட்டர் வாங்கலாமா? பெட்ரோல் வாடை வரும் என்கிறார்களே?

பதில்: வாடை உண்டு. பற்றவைத்து இரண்டு மூன்று விநாடி கழித்துப் புகையிலையில் காட்டினால் குறையும். மூக்கு கூர்மையானவர்களுக்கு அதுவும் போதாது. வெளியில், காற்றில் நின்று புகைப்பவருக்கு அது நல்ல துணை. பைப்புக்கான உள்பாகம் தனியாகக் கிடைக்கிறது. சுடரைச் சுற்றியுள்ள கூண்டில் பெரிய வட்டத் துளை இருக்கும். அதைக் கிண்ணத்தின்மேல் வைத்து இழுத்தால் சுடர் உள்ளே இறங்கும்.

எரிபொருள் தானாக ஆவியாகும். நம் ஊர் வெயிலில் ஒரு வாரம் தாங்கினால் திருப்தி அடையுங்கள். பஞ்சு நனையும் அளவுக்கு ஊற்றினால் போதும். வழிய ஊற்றி உடனே கால்சட்டைப் பையில் போட்டால் தொடைத்தோல் எரியும்.

போலிகள் ஏராளம். 2001 முதல் வந்த அசல் ஜிப்போக்களின் அடிப்பாகத்தில் இடப்புறம் மாதத்தைக் குறிக்கும் ஏ முதல் எல் வரையிலான ஓர் ஆங்கில எழுத்தும், வலப்புறம் ஆண்டின் இரண்டு இலக்கமும் இருக்கும். போலிக்காரர்களும் இதைப் பொறிப்பார்கள். ஆகவே பில் தராத கடையில் வாங்காதீர்கள். பழுதானால் ஆயுளுக்கும் இலவசமாகச் சரிசெய்துதருவோம் என்பது நிறுவனத்தின் உத்தரவாதம். வெளிப்பூச்சுத் தேய்மானத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

கேள்வி: கேஸ் நிரப்பிய மறுநாளே என் லைட்டர் திணறுகிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார்.

பதில்: சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்துபாருங்கள். பழைய கேஸோடு காற்றும் உள்ளே சிக்கியிருக்கும். சுடர் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்புங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் சிறிய திருப்புளியால் அடி வால்வை அழுத்தி, ‘உஸ்’ சத்தம் அடங்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். பிறகு லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் குப்பியை மேலிருந்து செங்குத்தாக அழுத்துங்கள். குத்திக் குத்தி எடுத்தால் மறுபடியும் காற்று புகும். நிரப்பியதும் லைட்டர் சில்லென்றிருக்கும். ஐந்து நிமிடம் விட்டுப் பற்றவையுங்கள். மலிவான கேஸின் அழுக்கும் துளையை அடைக்கும். அடுத்த முறை நல்ல பியூட்டேன் (லைட்டரில் நிரப்பும் கேஸ்) வாங்குங்கள்.

பொறியே வரவில்லை என்றால் கல் தேய்ந்திருக்கும். புதுக் கல் போடுமுன் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சக்கரத்தின் பற்களைத் தேய்த்துவிடுங்கள். பல மாதங்கள் எடுக்காமல் வைப்பதானால் கல்லைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே பொடிந்து இறுகிப்போனால் குழாயைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் திணறினால், பில்லோடு போய் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.